‘இல்லாட்டி?’ என்று கேட்ட ஆச்சி

பிள்ளைகளா, ஒரு பொருளைக் கையில் எடுத்தால் அது இல்லாமல் போகிற நாளைத்தான் முதலில் நினைத்துப் பார்க்கிற ஒரு மனுஷியிடம் நான் பல வருஷம் கார் ஓட்டினேன். காரைக்குடியில் பெரிய வீடு. ஊரே ஆச்சி என்று கூப்பிட்டது, நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். பெயரை எழுதப் போவதில்லை. அந்த வீட்டுப் பேரப்பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள்.

அப்போது ஆச்சிக்கு நாற்பது வயசு இருக்கும். ஒல்லியான உடம்பு. நடந்தால் சேலைக் கொசுவம் சரசரக்கிற சத்தம் முன்னால் வரும், ஆள் பின்னால் வருவார்கள். நான் வேலை கேட்டுப் போன அன்றைக்கு லைசென்ஸை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. நிற்கவைத்து ஒரு கேள்வி கேட்டார்கள்.

“ஓடுற வண்டிய எத வச்சுப்பா நிப்பாட்டுவ?”

“பிரேக்க வச்சு ஆச்சி.”

“அது இல்லாட்டி?”

“கைப்பிரேக்கு இருக்கு.”

“அதுவும் இல்லாட்டி?”

“கியரைக் குறைச்சுக் குறைச்சு நிப்பாட்டிருவேன்.”

“அதுவும் இல்லாட்டி?”

எனக்கு வேர்த்துவிட்டது. “வைக்கப்போரு எங்குட்டு இருக்குன்னு பாத்து, அதுல கொண்டுபோய் விட்டுருவேன் ஆச்சி.”

பின்னால் ஊஞ்சலில் இருந்த ஐயா, அதாவது ஆச்சியின் வீட்டுக்காரர், விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆச்சி சிரிக்கவில்லை. “வைக்கப்போரு இல்லாத ரோட்டுல மெதுவாப் போகணும். நாளைக்கு வந்துரு” என்றார்கள்.

அந்த வீட்டில் எல்லாமே இரண்டு. பூட்டுக்கு இரண்டு சாவி, கிணற்றுக்கு இரண்டு கயிறு. மின்சார விளக்கின் கீழேயே அரிக்கேன், அரிக்கேனுக்குப் பக்கத்தில் அகல். “எங்க வீட்டுல தீப்பெட்டிக்குக்கூட வாரிசு உண்டுப்பா” என்று ஐயா கேலி பேசுவார்கள். சொந்தக்காரர்களும் சிரிப்பார்கள். நானும் உங்கள் அம்மாவிடம் வந்து சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

ஒரு தடவை காளையார்கோவிலுக்குப் போகிற வழியில் ஆச்சி தானாகவே சொன்னார்கள். அவர்களுடைய அண்ணன் சண்டைக் காலத்தில் ரங்கூனிலிருந்து ஆயிரக்கணக்கானவர்களோடு காட்டு வழியாக நடந்து வந்தாராம். “பாதி வழியில செருப்பு அறுந்து போச்சாம். கால் புண்ணாகி ஒரு மரத்தடியில உக்காந்துட்டாகளாம். கூட வந்தவுக ஊரு வந்து சேந்து சொன்னாக. இன்னொரு சோடி செருப்பு இருந்திருந்தா எங்கண்ணனும் வந்திருப்பாக.” அவ்வளவுதான். அதற்கப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அன்றையிலிருந்து நான் அந்த வீட்டுக் கதைகளைச் சொல்லிச் சிரிப்பதை விட்டேன்.

இப்போது படகு விஷயத்துக்கு வருகிறேன்.

ஐயா பினாங்கில் பன்னிரண்டு வருஷம் இருந்தவர்கள். அங்கே வெள்ளைக்காரர்களோடு சேர்ந்து பாய்மரப் படகு ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். ஊருக்கு வந்த பிறகும் அந்த ஆசை போகவில்லை. தூத்துக்குடியில் ஒரு வெள்ளைக்காரர் சீமைக்குத் திரும்பிப் போகும்போது விற்ற படகை வாங்கித் தொண்டியில் கொண்டுவந்து கட்டினார்கள். முப்பத்தாறு அடி நீளம், உள்ளே படுக்க மூன்று பலகை, சின்னதாக ஒரு டீசல் எஞ்சின். அதில் தொண்டியிலிருந்து பினாங்குக்குப் போக வேண்டும். “போனது வந்தது எல்லாம் டிக்கெட்டு வாங்கித்தான். ஒரு தடவையாச்சும் எங் கையால போயிரணும்” என்பார்கள்.

ஆள் மூன்று பேர். ஐயா ஒருவர். தொண்டி மரைக்காயர் ஒருவர். அவர் கொழும்புக்குச் சரக்குத் தோணி ஓட்டிய தண்டேல், அதாவது தோணிக்குத் தலைவர். எஞ்சினைப் பார்த்துக்கொள்ள மூன்றாவது ஆள் நான். ஐயா கேட்டபோது என்னால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. உங்கள் பெரியக்கா ஆறு மாதக் கைக்குழந்தை. அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், “உங்களுக்கு நீச்சலாச்சும் தெரியுமா?” என்று மட்டும் கேட்டாள். கண்மாயில் தெரியும் என்றேன்.

ஆச்சி ஐயாவைப் போக வேண்டாம் என்று ஒரு நாளும் சொல்லவில்லை. அதற்குப் பதிலாகப் பயண ஏற்பாடு முழுவதையும் தன் கையில் எடுத்துக்கொண்டார்கள். இருபத்தைந்து நாள் பயணம் என்று ஐயா கணக்குச் சொன்னால், ஆச்சி அறுபது நாளைக்கு அரிசியும் அவலும் பொரிமாவும் கட்டினார்கள். எலுமிச்சை ஊறுகாய் எட்டு ஜாடி. பிஸ்கட் டின்னில் பருப்பைப் போட்டு, மூடியைச் சுற்றி மெழுகு ஊற்றி அடைத்து, மூன்று டின்களைக் கல்லோடு கட்டி ஊருணிக்குள் இறக்கச் சொன்னார்கள். எட்டு நாள் கழித்து எடுத்தோம். இரண்டு காய்ந்திருந்தன, ஒன்றில் பருப்பு முளை விட்டிருந்தது. அன்றைக்கே அடைத்து வைத்திருந்த நாற்பது டின்னையும் பிரித்து மறுபடி அடைக்க வைத்தார்கள்.

பாய் கிழிந்தால் தைக்க மூவருக்கும் கோணி ஊசி கொடுத்துத் தைக்கச் சொன்னார்கள். மரைக்காயருக்குப் பொறுக்கவில்லை.

“ஆச்சி, நான் இருவது வருசமா கடல்ல கெடக்குறவன். எனக்கே தையல் சொல்லித் தாரீகளே?”

“உங்களுக்கு இல்ல மரைக்காயரே. உங்க கை ஒடிஞ்சு போச்சுன்னு வச்சுக்கங்க. அப்ப யாரு தைக்கிறது?”

மரைக்காயர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ஐயாவிடம் ஊசியைக் கொடுத்து, “நீங்க நல்லாப் பழகிக்கங்க ஐயா. எனக்கு இப்பவே வலிக்கிற மாதிரி இருக்கு” என்றார்.

பங்குனி பிறந்ததும் ஆச்சி செய்த காரியத்தைப் பார்க்க ஊரே வந்தது. வீட்டின் நடுவில் வளவு, அதாவது தூண்கள் சுற்றி நிற்கிற பெரிய முற்றம். அதில் மாவைக் கரைத்துத் துணியில் நனைத்து, நடுவீட்டுக் கோலம் போடுகிற அதே கையால், படகின் அளவுக்கு ஒரு கோடு வரைந்தார்கள். முப்பத்தாறு அடி நீளம், ஒன்பதரை அடி அகலம், மூக்குப் பக்கம் கூர். மூன்று பாய், ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, தண்ணீர் டின் எல்லாம் கோட்டுக்குள். மேலே வெயிலுக்கு ஒரு படுதா.

“பத்து நாளைக்கு நீங்க மூணு பேரும் இதுக்குள்ளதான். கட்டின சாமான்தான் சாப்பாடு. ஆளுக்கு ஒரு நாளைக்கு ரெண்டு படி தண்ணி. கொல்லைக்குப் போறதுக்கு மட்டும் கோட்டத் தாண்டலாம்.”

“இது என்ன கூத்து!” என்றார்கள் ஐயா.

“வீட்டுக்குள்ள பத்து நாள் இருக்க முடியலன்னா கடல்ல எப்படி இருப்பீக?”

இருந்தோம். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் தூணில் சாய்ந்துகொண்டு, “எந்த ஊரு தாண்டிருக்கீக? மீனு ஏதும் கெடச்சுச்சா?” என்று கேட்டார்கள். சின்னப் பிள்ளைகள் கோட்டுக்கு வெளியே நின்று அலை மாதிரி சத்தம் போட்டன. மூன்றாம் நாள் எனக்கும் மரைக்காயருக்கும் ஊறுகாய்க்காகச் சண்டை வந்தது. ஐந்தாம் நாள் நாங்கள் மூவரும் பேச்சை நிறுத்திவிட்டோம். ஆச்சி காலையும் மாலையும் வந்து தென்னை ஈர்க்கை டின்னுக்குள் விட்டுத் தண்ணீரை அளப்பார்கள்.

ஆறாம் நாள் காலையில் தண்ணீர் கணக்கைவிட இரண்டு படி குறைந்தது. ஏழாம் நாளும் குறைந்தது. டின் ஒழுகுகிறதா என்று துடைத்துப் பார்த்தார்கள். ஒழுகவில்லை.

யார் குடிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். விடியற்காலையில் ஐயா எழுந்து, செம்பு முட்டாமல் மொண்டு மொண்டு குடிப்பதைப் பார்த்தேன். குடித்த கொஞ்ச நேரத்தில் கொல்லைக்குப் போவார்கள். வந்ததும் மறுபடி குடிப்பார்கள். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை போவார்கள். எட்டாம் நாள் நான் கொல்லைப்பக்கம் போனபோது, சுவரோரம் சாரை சாரையாக எறும்பு. எங்கள் சித்தப்பாவுக்கும் முதலில் இப்படித்தான் இருந்தது. அடங்காத தாகம், சுவரோரம் எறும்பு. சீனி வியாதி என்று கண்டுபிடிப்பதற்குள் ஒரு நாள் நினைவு தப்பிக் கிடந்தார், அப்படியே போய்விட்டார்.

நான் பார்த்ததை ஐயாவும் பார்த்துவிட்டார்கள். பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில் சொன்னார்கள்: “வெயிலுப்பா, தொண்ட வறளுது. வேற ஒண்ணுமில்ல. ஆச்சிகிட்டச் சொல்லிராத. சொன்னா என்னையப் படகு பக்கமே விடாது.”

ஒன்பதாம் நாள் காலை ஆச்சி ஈர்க்கோடு வந்து நின்றார்கள்.

“தண்ணிய யாரு எடுக்குறது?”

“அல்லா மேல ஆணையா நான் தொடல ஆச்சி” என்றார் மரைக்காயர்.

ஐயா தூணைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு என்ன தோன்றியதோ, “நான்தான் ஆச்சி” என்றேன்.

“ஏம்ப்பா?”

“தாகம் தாங்கல.”

“கடல்லயும் தாகம் எடுக்கும்ல?”

“எடுக்கும் ஆச்சி.”

ஆச்சி ஈர்க்கைக் கீழே வைத்தார்கள். கோபமாகத் தெரியவில்லை. “அப்ப நீ வேண்டாம்ப்பா. கோவிச்சுக்கிராத. இங்குட்டு வந்துரு.”

நான் கோட்டைத் தாண்டி வெளியே வந்தேன். சுற்றி நின்றவர்கள், “ஏ, கடல்ல விழுந்துட்டான்டா” என்று கை தட்டிச் சிரித்தார்கள். அவமானம்தான். ஆனாலும் மறைக்காமல் எழுதுகிறேன் பிள்ளைகளா, வெறுந்தரையில் கால் பட்டதும் எனக்கு உயிர் வந்தது. வீட்டுக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னதும் உங்கள் அம்மா குழந்தையைத் தூக்கி என் கையில் கொடுத்துவிட்டு, அழுதுகொண்டே அடுப்படிக்குப் போய்ப் பணியாரம் சுட்டாள். நான் திருடன் என்று பெயர் வாங்கி வந்த நாளில் எங்கள் வீட்டில் பணியாரம்.

பத்தாம் நாள் ஐயா உதடு வெடிக்கப் பொறுத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். தண்ணீர் ஈர்க்குக்குச் சரியாக நின்றது. ஆச்சிக்கு நெஞ்சு ஆறியது. எனக்குப் பதிலாகத் தேவகோட்டை அரிசி மில்லிலிருந்து ஓர் எஞ்சின்காரரைப் பேசி முடித்தார்கள். கார் வேலையை விட்டு என்னை நிறுத்தவில்லை.

சித்திரை பத்துக்குள் கிளம்ப வேண்டும். அதற்குமேல் போனால் கடல் கெட்டுவிடும் என்று மரைக்காயர் சொல்லியிருந்தார். ஐயா பயணம் சொல்லிக்கொள்ளக் கிளம்பினார்கள். கடல் தாண்டிப் போகிறவர்கள் பங்காளி வீடு, தாயபிள்ளை என்கிற மற்ற சொந்தக்காரர் வீடு எல்லாம் ஏறி, போய் வருகிறேன் என்று சொல்லிக்கொள்வது அந்த வீடுகளின் வழக்கம். அப்படிச் சொல்லிவிட்டால் போயே ஆக வேண்டும். சொல்லிவிட்டுப் போகாமல் இருந்தவரை ஊர் வாயில் போட்டு மெல்லும். ஒக்கூர், காளையார்கோவில், அமராவதிபுதூர் என்று மூன்று நாள் நான்தான் காரில் கூட்டிப்போனேன். ஏறிய வீட்டில் எல்லாம் ஐயா தண்ணீர் வாங்கிக் குடித்தார்கள், ஒரு செம்பு, இரண்டு செம்பு. வேட்டி இடுப்பில் நிற்காமல் நழுவியது, அவ்வளவு இளைத்திருந்தார்கள். “படகு வேலையில மெலிஞ்சுட்டீக” என்று எல்லோரும் பாராட்டினார்கள்.

திரும்பும்போது கேட்டேன். “ஐயா, ஒரு தடவ டாக்டரப் பாத்துட்டுப் போகலாமே.”

“வந்து பாத்துக்கலாம்ப்பா.” கொஞ்ச தூரம் போனபின், “எனக்காக நீ பழிய ஏத்துக்கிட்ட. என்னப் பெத்த அப்பச்சிகூட எனக்கு அப்படிச் செஞ்சிருக்க மாட்டாக. இத நான் மறக்க மாட்டேன்” என்றார்கள்.

அந்தப் பேச்சு என்னைத் தூங்கவிடவில்லை. வாயைத் திறந்தால் அவர்களுடைய ஒரே ஆசையை நான் கெடுக்கிறேன். திறக்காவிட்டால், கரையே தெரியாத இடத்தில் மூன்று பேர், அதில் ஒருவருக்கு அடங்காத தாகம். எனக்கு ஒதுக்கியிருந்த பலகையில் தேவகோட்டைக்காரர் படுத்திருப்பார். அவருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கும்தானே.

கிளம்ப மூன்று நாள் இருக்கும்போது சாமான்களைத் தொண்டிக்குக் கொண்டுபோகக் காரில் அடுக்கிக்கொண்டிருந்தோம். ஆச்சி பக்கத்தில் நின்று ஒவ்வொரு டின்னாகத் தட்டிப் பார்த்தார்கள். கண்ணெல்லாம் குழி விழுந்திருந்தது. ராத்திரி தூங்குவதே இல்லை என்று சமையல்காரர் சொல்லியிருந்தார். திடீரென்று என்னிடம் கேட்டார்கள்:

“நீ அதுக்குள்ள இருந்தவன்ப்பா. சொல்லு. எதையாச்சும் விட்டுட்டனா?”

தண்ணீர் திருடினான் என்று துரத்திய ஆளிடம் அப்படிக் கேட்டார்கள். என்னால் அதற்குமேல் முடியவில்லை.

“ஆச்சி, அந்தத் தண்ணிய நான் குடிக்கல.”

ஆச்சி தட்டிக்கொண்டிருந்த கையை எடுக்கவில்லை. மரைக்காயர் அல்லா மேல் ஆணையிட்டது அவர்களுக்கு நினைவு வந்திருக்க வேண்டும், மிச்சம் ஐயா ஒருவர்தான்.

“எத்தன நாளா?”

“கோட்டுக்குள்ள இருந்தப்பவே ஆச்சி. அதுக்கு முந்தித் தெரியாது.”

“எறும்பு வந்துச்சா?”

“வந்துச்சு.”

ஆச்சி டின்னைக் காரில் வைத்துவிட்டு, தூணைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார்கள். அவர்கள் எதையாவது பிடித்துக்கொண்டு நடந்து அன்றுதான் பார்த்தேன்.

மறுநாள் காலையில் டாக்டர் வந்தார். கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, ஐயாவின் நீரைச் சொட்டுவிட்டுச் சுடவைத்தார். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, செங்கல் நிறத்தில் நின்றது. நான் கதவோரம் நின்றேன்.

“தினமும் ஊசி போடணும். உடனே ஆரம்பிக்கணும்” என்றார் டாக்டர்.

“போட்டுக்கிறேன். ஊசிய எடுத்துட்டே போறேன்” என்றார்கள் ஐயா. ஆச்சி பக்கம் திரும்பி, “ரெண்டு செட்டா எடுத்துக்கிறேன், உன் இஷ்டப்படி. மூணு செட்டு வேணும்னாலும் சரி” என்றார்கள். அந்தக் குரலில் கேலி இல்லை. கெஞ்சினார்கள்.

“அந்த மருந்து குளுமையில இருக்கணும். வெக்கையில கெட்டுப் போகும்” என்றார் டாக்டர்.

“ஐஸ் பொட்டி கொண்டுபோறேன்.”

“ஐஸ் கரைஞ்சுட்டா?” என்றார்கள் ஆச்சி.

ஐயா டாக்டரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“கயித்துக்கு வேற கயிறு வச்சேன். பாய்க்கு வேற பாய் வச்சேன். ஊசி நூலுக்குக்கூட வச்சேன்ல. உங்களுக்கு இன்னொண்ணு நான் எங்குட்டுப் போய் எடுத்து வைக்க?”

டாக்டர் பெட்டியை மூடினார். ஐயா எழுந்து மாடிக்குப் போகும்போது என் பக்கத்தில் ஒரு நிமிஷம் நின்றார்கள். என்னைப் பார்த்தார்கள். திட்டியிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன்.

அதன்பின் ஐயா ஒரு மாதத்துக்கு மேல் வெளியே தலை காட்டவில்லை. பயணம் சொல்லிவிட்டுப் போகாதவர் எந்த முகத்தோடு கோயிலுக்குப் போவார்? பங்காளிகள் விசாரிக்கிற சாக்கில் வந்து, “பயம் வந்துருச்சோ? மாக்கோலத்துலயே பினாங்கு போய்ட்டு வந்துட்டீகளோ?” என்றார்கள். ஆச்சி வாசலிலேயே நின்று எல்லோருக்கும் ஒரே பதில் சொன்னார்கள்: “அவுக கெளம்பித்தான் நின்னாக. எனக்குத்தான் நெஞ்சுத் தைரியம் இல்ல. நான் விடல.” வியாதியைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. புருஷனைக் கட்டிப்போட்ட பொம்பளை என்று ஊர் பேசியது. பேசட்டும் என்று விட்டார்கள்.

டாக்டர் மருந்தோடு தினமும் கொஞ்ச தூரம் நடக்கச் சொல்லியிருந்தார். ஐயா ஊருணி வரைக்கும் காரில் வந்து நடப்பார்கள். என்னோடு பேசமாட்டார்கள். போக வேண்டிய பக்கத்தைக் கையால் காட்டுவார்கள். நான் செய்தது சரியா என்று ஆச்சியிடம் ஒரு தடவை கேட்டேன். “எனக்குச் சரி” என்றார்கள். யோசித்துவிட்டு, “அவுகளுக்குத் தெரியலப்பா” என்றார்கள்.

ஆவணியில் படகு விலை போயிற்று. வாங்கியவர் தூத்துக்குடிக்காரர். மரைக்காயரும் இன்னும் இரண்டு பேரும் கொண்டுபோய்ச் சேர்ப்பதாக ஏற்பாடு. ஐயாவும் பார்க்க வருவதாகச் சொன்னார்கள் என்று ஆச்சி வந்து சொன்னார்கள். இரண்டு நாள் போகிற படகுக்கு ஆச்சி ஆறு டின் தண்ணீர் ஏற்றி அனுப்பினார்கள். மரைக்காயர் தட்டிப் பார்த்து வாங்கி வைத்துக்கொண்டார்.

தொண்டிக் கரையில் காரை நிறுத்தினேன். ஐயா இறங்கவில்லை. படகு பாய் விரித்து, முதலில் கரையோரமாகப் போய், பிறகு வெளியே திரும்பியது. கையகலம் ஆயிற்று, நகம் அளவு ஆயிற்று. அப்புறம் என் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. வெறும் தண்ணீர்தான் மினுங்கியது. ஆச்சி ஒரு தடவைகூடக் கடலைப் பார்க்கவில்லை. ஐயாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது, ஊசி போடுகிற நேரமும் நெருங்கியது. போகலாம் என்று ஆச்சி கண்ணைக் காட்டினார்கள். நான் சாவியைத் திருப்பப் போனேன்.

“இருப்பா” என்றார்கள் ஐயா. நாலு மாதத்துக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் பேச்சு. “எனக்கு இன்னும் தெரியுது.”

நான் சாவியிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.